ட்ரோனின் தெர்மல் கேமரா காட்டும் வெப்பநிலையை எந்த அளவுக்கு நம்பலாம்?

வயல்நோக்கி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பயிரின் இலைப்பரப்பு வெப்பநிலையைக் கொண்டு எந்தப் பாத்தியில் நீர் போதாமல் இருக்கிறது என்று கண்டறிவதற்காக, தெர்மல் கேமரா பொருத்திய ட்ரோன் ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கேமராவின் உணரி 640-க்கு 512 பிக்சல் கொண்டது. லென்ஸின் குவியத்தூரம் 13.5 மி.மீ.; ஒவ்வொரு பிக்சலுக்கும் உரிய வெப்பநிலை மதிப்பைப் படத்தோடு சேர்த்தே சேமிக்கும் வகை. துல்லியம் ±2 டிகிரி என்று அதன் விவரக்குறிப்பு சொல்கிறது. நான் வழக்கமாக 60 மீட்டர் உயரத்தில் பறக்கவிடுகிறேன். உமிழ்திறனை (பரப்பு தானாகக் கதிரை உமிழும் பங்கு) 0.95 என்றும், எதிரொளிப்பு வெப்பநிலையை (பரப்பு எதிரொளிக்கும் சூழலின் வெப்பநிலை) காற்றின் வெப்பநிலையான 25 டிகிரி என்றும் அமைத்திருக்கிறேன்.

மூன்று விஷயங்கள் எனக்குப் புரியவில்லை. முதலாவது, வயலோரத்தில் ஓர் அகன்ற நீர்த்தொட்டி இருக்கிறது. அதில் போட்டிருந்த வெப்பமானி பறப்பு முழுவதும் 28 டிகிரியையே காட்டியது, ஆனால் கேமரா புறப்பட்டவுடன் 26.5 என்றும், இருபது நிமிடம் கழித்து அதே தொட்டியின் மேல் வந்தபோது 23 என்றும் காட்டியது. இரண்டாவது, இலைகளின் வெப்பநிலை நான் தெர்மோகப்பிளை (தொட்டு அளக்கும் கம்பி வெப்பமானி) இலையின் அடிப்புறத்தில் ஒட்டி எடுத்த அளவைவிட எப்போதும் இரண்டு மூன்று டிகிரி குறைவாகவே வருகிறது. மூன்றாவதுதான் என்னை மிகவும் குழப்பியது: நடுப்பகலில், தொட்டால் கை சுடுகிற துத்தநாகத் தகரக் கூரை ஒன்று படத்தில் கழித்தல் 8 டிகிரி என்று வந்தது. கையில் வைத்திருந்த அகச்சிவப்பு வெப்பமானியை மேலிருந்து அதே கூரையை நோக்கிப் பிடித்தால் அதுவும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. இரண்டு கருவிகள் ஒத்துப்போகும்போது எதை நம்புவது? கேமரா பழுதாகிவிட்டதா, அல்லது அமைப்பில் நான் எதையாவது தவறவிட்டேனா?

கதிர்மானி

உங்கள் கேமரா பழுதாகவில்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் சொன்ன மூன்றும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. முதலாவதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், மற்றவற்றை இங்கே என்னைவிட நன்றாக விளக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

ட்ரோன்களில் வருபவை பெரும்பாலும் குளிரூட்டப்படாத மைக்ரோபோலோமீட்டர் உணரிகள். ஏறத்தாழ 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்புக் கதிர்கள் ஒவ்வொரு பிக்சலின் மேலும் விழுந்து அதை மிகச் சிறிதளவு சூடாக்குகின்றன. அந்தச் சூட்டினால் மாறும் மின்தடையைத்தான் கருவி அளக்கிறது. இதில் உள்ள சங்கடம் என்னவென்றால், பிக்சலின் மேல் விழும் கதிர்கள் வயலிலிருந்து மட்டும் வருவதில்லை. லென்ஸும், லென்ஸைத் தாங்கும் உறையும், கேமராவின் உட்சுவர்களும் தத்தம் வெப்பநிலைக்கேற்பக் கதிர்களை உமிழ்ந்துகொண்டே இருக்கின்றன. இந்த உட்பங்கு எவ்வளவு என்று ஊகித்துக் கழித்த பிறகு எஞ்சுவதைத்தான் கருவி உங்களுக்கு வெப்பநிலையாகக் காட்டுகிறது. தரையில் வெயிலில் நின்ற கேமரா, மேலே போனதும் வினாடிக்குப் பத்து மீட்டர் வேகக் காற்றில் குளிரத் தொடங்கினால், ஊகத்துக்கும் உண்மைக்கும் இடையே இடைவெளி விழுகிறது. உங்கள் தொட்டி மூன்றரை டிகிரி நகர்ந்தது இதனால்தான்.

பறக்கும்போது கேமராவிலிருந்து அவ்வப்போது ‘டிக்’ என்ற சத்தத்துடன் படம் ஒரு கணம் உறைந்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். உணரிக்கு முன்னால் ஒரு சிறு ஷட்டர் மூடி, எல்லா பிக்சல்களையும் ஒரே வெப்பநிலை கொண்ட பரப்பைப் பார்க்கவைத்து, அவற்றிடையே உள்ள வேறுபாட்டைச் சமன்செய்யும் வேலை அது. அது நிகழ்ந்தவுடன் மதிப்புகள் ஒரு படி குதிப்பதும் உண்டு. ஆனால் பெரும்பாலான கருவிகளில் ஷட்டர் லென்ஸுக்குப் பின்னால் இருப்பதால், லென்ஸ் குளிர்ந்ததனால் வரும் பிழையை அதனால் நேரடியாகப் பார்க்க முடியாது. ஆகவே ஷட்டரை மட்டும் நம்பி உட்கார்ந்துவிட முடியாது.

நான் செய்வது இது: படமெடுக்கப் போவதற்கு இருபது நிமிடம் முன்பே கேமராவுக்கு மின்சாரம் கொடுத்து நிழலில் வைத்துவிடுவேன், மேலே ஏற்றிய பிறகும் வேலை உயரத்தில், வேலை வேகத்தில் சில நிமிடம் வெறுமனே பறக்கவிட்டு, அதன்பின் ஷட்டரைக் கையால் இயக்கிவிட்டுத்தான் முதல் வரிசையைத் தொடங்குவேன். பறப்பின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் தொட்டியின் மேல் ஒருமுறை போய் வருவேன். மின்கலம் சற்று வீணாகிறது என்பது உண்மைதான். ஆனால் நேரத்தோடு விலகல் எப்படி மாறியது என்பது கையில் இருந்தால், இடைப்பட்ட படங்களை நேரத்துக்கேற்ப ஓரளவு திருத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று. அந்த ±2 டிகிரி என்பது காற்று வீசாத ஆய்வகத்தில், சில மீட்டர் தூரத்தில், படத்தின் நடுப்புள்ளியில் எடுத்த அளவுக்கான உறுதி. அதோடு சேர்த்துப் போட்டிருக்கும் 0.05 டிகிரி போன்ற எண், அருகருகே உள்ள இரண்டு பிக்சல்களிடையே எவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைக் காணமுடியும் என்பதைச் சொல்வது. அதற்கும் துல்லியத்துக்கும் தொடர்பில்லை. விளம்பரங்களில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதைப் பார்த்து எரிச்சலடைந்திருக்கிறேன்.

வெள்ளிமுகில்

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு விடை ஒன்றுதான்: உங்கள் கேமரா வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எந்தப் பரப்பும் தன் உமிழ்திறனுக்கு ஏற்ற பங்கை மட்டுமே தானாக உமிழ்கிறது. மிச்சப் பங்குக்குத் தன்னைச் சூழ்ந்திருப்பதை எதிரொளிக்கிறது. சுவரை நோக்கும் கேமராவுக்குச் சூழல் என்பது அறையின் மற்ற சுவர்கள்; அங்கே எதிரொளிப்பு வெப்பநிலையைக் காற்றின் வெப்பநிலையாக வைப்பது பெரிதாகப் பிழையாகாது. மேலிருந்து கீழே நோக்கும் ட்ரோனுக்கோ, வயல் எதிரொளிப்பது வானத்தை. வறண்ட, தெளிந்த வானம் இந்த அலைநீளங்களில் கழித்தல் 40 டிகிரி அளவுக்குக்கூடக் குளிர்ந்து தெரியும். தாழ்ந்த மேகம் மூடியிருந்தால் அது காற்றின் வெப்பநிலைக்கு மிக அருகில் வந்துவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கதிர்வீச்சு கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது என்ற எளிய விதியையே வைத்துக்கொள்கிறேன். 8–14 மைக்ரோமீட்டர் பட்டைக்கு எண்கள் சற்று மாறும், போக்கு மாறாது. உண்மையில் 30 டிகிரியில் இருக்கும், 0.95 உமிழ்திறன் கொண்ட பரப்பு ஒன்றின் மேல் கழித்தல் 40 டிகிரி வானம் கவிந்திருந்தால், கேமராவுக்கு வந்து சேரும் கதிர் 27.5 டிகிரி கொண்ட, எதையும் எதிரொளிக்காத கரும்பரப்பிலிருந்து வருவதற்குச் சமம். இப்போது நீங்கள் உமிழ்திறனைச் சரியாக 0.95 என்று கொடுத்து, எதிரொளிப்பை மட்டும் 25 டிகிரி என்று வைத்தால் கருவி சொல்லும் விடை 27.6. அதாவது, உமிழ்திறனைச் சரியாகக் கொடுத்த பிறகும் பிழை அப்படியே நிற்கிறது, 0.95-ஆ 0.96-ஆ என்று மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் அந்த இரண்டாவது எண்ணைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உங்கள் இலைகளில் காணாமல்போன இரண்டு மூன்று டிகிரியின் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. அடர்ந்த இலைத்தொகுதியாக இருந்தால் இலைகள் ஒன்றன் கதிரை ஒன்று வாங்கித் திருப்பித் தருவதால் மொத்த உமிழ்திறன் 0.98-க்கு உயர்ந்து, வானத்தால் வரும் பிழை ஒரு டிகிரி அளவுக்குச் சுருங்கிவிடும். இடையிடையே மண் தெரியும் இளம்பயிரில் அப்படி எதிர்பார்க்க முடியாது.

தகரக் கூரையின் கதையும் இதுவே, அளவுதான் வேறு. துத்தநாகம் பூசிய தகரத்தின் உமிழ்திறனை 0.25 என்று எடுத்துக்கொள்ளுங்கள். கூரை 55 டிகிரியில் கொதித்தாலும், அதிலிருந்து வரும் கதிரில் முக்கால் பங்குக்கு அது வானத்தின் கண்ணாடி. உங்கள் அமைப்பிலேயே கணக்கிட்டால் விடை கழித்தல் 8 டிகிரிக்கு மிக அருகில் வருகிறது. கையிலிருந்த அகச்சிவப்பு வெப்பமானியும் அதே கதிரை அதே தப்பான அனுமானத்தோடு படிக்கும் கருவி என்பதால் அதுவும் அதே பொய்யைத்தான் சொல்லும். இரண்டு சாட்சிகள் ஒரே ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் அவர்களுடைய ஒருமித்த வாக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. அதைச் சோதிக்க வேண்டுமென்றால் தொட்டு அளக்கும் வெப்பமானிதான் வேண்டும், அல்லது கூரையின் மேல் ஒரு சாண் அகலத்துக்கு மினுமினுப்பில்லாத கறுப்பு வண்ணம் பூசி அந்த இடத்தை மட்டும் படிக்க வேண்டும்.

வானத்தின் பங்கை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கிப் பின் விரித்து, மினுங்கும் பக்கம் மேலே வரும்படி ஓர் அட்டையில் ஒட்டி, வயலில் கிடத்துங்கள். உமிழ்திறனை 1 என்றும் தூரத்தைச் சுழி என்றும் அமைத்துத் தாழப் பறந்து அதைப் படமெடுத்தால், அங்கே தெரியும் எண்தான் நீங்கள் கொடுக்க வேண்டிய எதிரொளிப்பு வெப்பநிலை. கசக்குவது முக்கியம், வழவழப்பான தாள் தலைக்கு நேர்மேலே உள்ள ஒரு துண்டு வானத்தை மட்டும் காட்டும், அல்லது ட்ரோனையே காட்டும்.

சிறுபுள்ளி

மேலே சொன்ன இரண்டு பதில்களோடும் உடன்படுகிறேன். சுருக்கமாக ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் இளம்பயிர் என்று வந்ததும் இதுதான் முதலில் என் நினைவுக்கு வந்தது.

உங்கள் உணரியின் பிக்சல் 12 மைக்ரோமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், 13.5 மி.மீ. லென்ஸில் 60 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பிக்சல் தரையில் 5.3 செ.மீ. அகலத்தை மூடுகிறது. ஆனால் ஒரு பிக்சலின் மதிப்பு அந்த 5.3 செ.மீ. பரப்பை மட்டும் சார்ந்ததன்று. லென்ஸின் மங்கலால் பக்கத்துப் பிக்சல்களின் கதிரும் அதில் கசிகிறது. ஒரு பொருளின் வெப்பநிலையைச் சொல்ல அது குறைந்தது மூன்றுக்கு மூன்று பிக்சலை நிரப்ப வேண்டும் என்பார்கள். பத்துக்குப் பத்து கிடைத்தால் நிம்மதி. அப்படியானால் 60 மீட்டரிலிருந்து உங்களால் நம்பிக்கையோடு அளக்கக்கூடிய மிகச் சிறிய பொருள் 16 செ.மீ. அகலமுடையது; அரை மீட்டர் இருந்தால் நல்லது. தனி இலை ஒன்றின் வெப்பநிலை என்று நீங்கள் எடுத்தது இலையும் சூடான மண்ணும் கலந்த சராசரியாக இருக்கலாம். 30 மீட்டருக்கு இறங்கினால் பிக்சல் 2.7 செ.மீ. ஆகிவிடும், கேமராவுக்கும் பயிருக்கும் இடையிலுள்ள காற்றின் ஈரப்பதம் விழுங்கும் கதிரும் குறையும். சில மென்பொருள்களில் தூரத்தை 25 மீட்டருக்கு மேல் கொடுக்கவே இடமில்லை என்பதையும் கவனியுங்கள். அதற்கு மேலுள்ள தூரத்தின் இழப்பை அவை கணக்கில் எடுப்பதில்லை.

வயல்நோக்கி

மூவருக்கும் நன்றி. இந்த வாரம் இரண்டு முறை பறக்கவிட்டுப் பார்த்தேன். முன்கூட்டியே மின்சாரம் கொடுத்து, மேலேயும் ஐந்து நிமிடம் காத்திருந்த பிறகு, தொட்டியின் விலகல் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே 0.8 டிகிரிக்குள் அடங்கிவிட்டது. அலுமினியத் தாள் கழித்தல் 31 டிகிரி காட்டியது. நான் 25 என்று வைத்திருந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதைக் கொடுத்ததும் இலைகளின் அளவு தெர்மோகப்பிளை நோக்கி நகர்ந்தது. ஆயினும் தொட்டி இன்னும் மூன்று டிகிரி குறைவாகவே படிக்கிறது. தொட்டிக்கு நேரும் அந்த மூன்று டிகிரியை எல்லாப் படங்களிலும் கூட்டிவிட்டால் போதுமா?

பனிநீர்

ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு கூட்டுவது, பிழை எல்லா வெப்பநிலையிலும் ஒரே அளவு என்று எண்ணுவதாகும். அப்படி இருப்பது அரிது. குறைந்தது மூன்று மேற்கோள்களை (உண்மை வெப்பநிலை தெரிந்த ஒப்பீட்டுப் பொருள்களை) வயலில் வையுங்கள். முதலாவது, பொடித்த பனிக்கட்டியும் நீரும் நிரம்பிய அகன்ற பாத்திரம். நன்றாகக் கலக்கிவிட்டால் அது சுழி டிகிரியில் தானே நிற்கும், வேறு எந்த அத்தாட்சியும் வேண்டாம். இரண்டாவது உங்கள் தொட்டி. மூன்றாவது வெந்நீர்ப் பாத்திரம். நீரை நான் விரும்புவதற்குக் காரணம், அதன் உமிழ்திறன் 0.98 அளவில் இருப்பதும், அது அடர்ந்த பயிருக்கு மிக நெருக்கமாக இருப்பதும்தான். ஆனால் ஒரு சிறு கண்ணி இருக்கிறது: கேமரா பார்ப்பது நீரின் மேல்தோலை மட்டும், ஆவியாதலால் அந்தத் தோல் கீழுள்ள நீரைவிடச் சில பத்தில் ஒரு பங்கு டிகிரி குளிர்ந்திருக்கும், வெந்நீரில் அது இன்னும் கூடும். படமெடுப்பதற்குச் சற்று முன்பு யாராவது கலக்கிவிட வேண்டும். வெப்பமானியின் முனையும் மேற்பரப்பை ஒட்டியே இருக்க வேண்டும்.

கேமரா படித்ததும் வெப்பமானி சொன்னதுமான மூன்று இணைகளையும் வரைதாளில் குறித்து, அவற்றின் ஊடே ஒரு நேர்கோடு வரையுங்கள். அந்தக் கோடுதான் அன்றைய பறப்புக்கான திருத்தம். மறுநாளைக்கு அது செல்லாது. தகரக் கூரைக்கு அது எந்நாளும் செல்லாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் நோக்கத்தையே சற்று கேள்வி கேட்க விரும்புகிறேன். நீர் போதாத பாத்தியைக் கண்டறிவதுதான் வேலை என்றால், உண்மையான வெப்பநிலை உங்களுக்குத் தேவையே இல்லாமல் போகலாம். பயிர் நீர்நெருக்கடிக் குறியீட்டைக் கணக்கிடும் ஒரு முறையில், இலையின் வெப்பநிலையை இரண்டு எல்லைகளுக்கு நடுவே வைத்துப் பார்க்கிறோம்: ஒன்று நீர் தெளித்து நனைத்த இலைகள், மற்றொன்று வாசலின் களிம்பு தடவி நீராவிப்போக்கை அடைத்த இலைகள். இலையிலிருந்து நனைந்ததைக் கழித்து, அதை உலர்ந்ததற்கும் நனைந்ததற்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்தால் குறியீடு கிடைக்கும். கேமரா எல்லாவற்றிலும் மூன்று டிகிரி குறைத்துப் படித்தால் கழித்தலில் அந்த மூன்று போய்விடுகிறது. எல்லாவற்றையும் மூன்று விழுக்காடு சுருக்கிப் படித்தால் வகுத்தலில் அதுவும் போய்விடுகிறது. நேர்கோட்டுப் பிழை எதுவானாலும் மேலும் கீழும் அடிபட்டுவிடும். அளக்கும் இலையும் இந்த இரண்டு எல்லை இலைகளும் ஒரே பரப்பு வகையாக, ஒரே வானத்தின் கீழ், சில நிமிட இடைவெளிக்குள் படமாகியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நனைத்த இலைகள் காய்வதற்குள் ட்ரோன் அங்கே போய்ச் சேர வேண்டும். வெயிலில் அதற்குச் சில நிமிடமே இருக்கும். அந்த இலைத்திட்டும் அரை மீட்டர் அகலமாவது இருக்கட்டும், சிறுபுள்ளி சொன்ன காரணத்துக்காக.

கதிர்மானி

பனிநீரின் கடைசிப் பத்தியோடு நான் முழுமையாக ஒத்துப்போகவில்லை. ஒரே நாளில் ஒரே வயலின் பாத்திகளை ஒப்பிட அது போதும்; ஆனால் வாரத்துக்கு வாரம் ஒப்பிடவும், நீராவிப்போக்கின் அளவைக் கணக்கிடவும் உண்மையான வெப்பநிலை வேண்டும். அங்கே மேற்கோள் பாத்திரங்களிலிருந்து தப்ப முடியாது. இரண்டையும் சேர்த்தே செய்துவிடுங்கள், வேலை ஒன்றும் பெரிதாகக் கூடிவிடாது.

வயல்நோக்கி

செய்து பார்த்தேன். பனிநீர்ப் பாத்திரம் கழித்தல் 2.3, தொட்டி 24.9, வெந்நீர் 42.3 என்று கேமரா படித்தது. வெப்பமானிகள் சொன்னவை முறையே 0, 28, 46. கோட்டின் சாய்வு 1.03, கூட்டவேண்டிய மாறிலி 2.4. மூன்று டிகிரியைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டியிருந்தால் பனிக்கட்டியில் அதிகமாகவும் வெந்நீரில் குறைவாகவும் போயிருக்கும். கோட்டில் சேர்க்காமல் தனியே வைத்திருந்த கறுப்பு வண்ணம் பூசிய தகடு ஒன்றில் சோதித்தேன்: கேமரா 36.1, திருத்திய பிறகு 39.6, ஒட்டியிருந்த தெர்மோகப்பிள் 40.1. அரை டிகிரி வேறுபாடு எனக்குப் போதும்.

இறுதியாக ஒன்று: எல்லாப் படங்களையும் ஒட்டி ஒரே வரைபடமாக்கிய பிறகு கோட்டைப் பயன்படுத்துவதா, ஒவ்வொரு படத்துக்கும் முன்பே பயன்படுத்துவதா?

சிறுபுள்ளி

முன்பே. ஒட்டும் மென்பொருள் ஒன்றன்மேல் ஒன்று விழும் படங்களைக் கலந்து சராசரியாக்கும்போது, எந்தப் பிக்சல் எந்த நிமிடத்தில் எடுத்தது என்ற செய்தி தொலைந்துவிடும். அதன்பின் நேரத்தோடு மாறும் விலகலை எப்படியும் திருத்த முடியாது. முதலில் படங்களை வண்ணப் படமாக அல்லாமல் 16 பிட் டிஃப் கோப்புகளாக மாற்றிக்கொள்ளுங்கள். அவற்றில் ஒவ்வொரு எண்ணும் பெரும்பாலும் கெல்வினின் நூறில் ஒரு பங்காக இருக்கும். 30315 என்று கண்டால் அது 30 டிகிரி. உங்கள் கருவி வேறு அளவுகோல் வைத்திருக்கிறதா என்று தொட்டியின் பிக்சலைக் கொண்டு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு படத்திலும் ஓரங்களை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் ஒட்டுங்கள். மூலைகளில் மதிப்புகள் நடுவிலிருந்து ஓரிரு டிகிரி விலகி நிற்பதை, ஒரே சீரான நீர்ப்பரப்பின் மேல் ஒரு படம் எடுத்தாலே பார்த்துவிடலாம். இதற்காகப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பங்கை முன்னிருந்து பின்னாக 80 விழுக்காட்டுக்கு மேல் வைத்துப் பறக்க வேண்டியிருக்கும்.